ஓரகத்தியின் எக்ஸ்ரே

மூத்தவளின் வயிற்றெரிச்சல் எதில் தொடங்கியது என்று வெளியே சொல்ல முடியாது. ஓரகத்தியின் நகையில் இல்லை, புடவையில் இல்லை. அவள் கக்கூசுக்குள் போய் ஐந்தே நிமிடத்தில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே வருகிறாளே, அதில்தான்.

பொறாமைப்பட வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். பதினோரு வருடமாக முக்கி முக்கிக் கண்பிதுங்கியவளிடம் போய் அதைக் கேளுங்கள்.

மூத்தவள் துணி தைப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கால் மரத்துப்போய், பாதி வேலைகூட முடியாமல் எழுந்து வருவாள். "உள்ள குடியே போயிட்டியா?" என்று புருஷன் கதவைத் தட்டுவான். அவளும் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சின்னவளுக்கும் அதே தொல்லை வந்தது. அவள் வங்கியில் வேலை பார்ப்பவள், வாயுள்ளவள். புருஷனிடம் பட்டென்று சொல்லிவிட்டாள். மறுவாரமே பெரிய டாக்டர், எக்ஸ்ரே, ஆபரேஷன். மலக்குடலின் முன்சுவர் தளர்ந்து பைபோல் பிதுங்கி, வரவேண்டியதெல்லாம் அதில் போய்த் தங்கிவிடுகிறதாம். தளர்ந்ததை வெட்டித் தைத்தார்களாம். கொழுந்தன் பழம் பிழிந்து கொடுத்தான். மாமியார் தலையணையைச் சரிசெய்தாள். அத்தனை பேருக்கும் பாத்திரம் கழுவியது யார்? மூத்தவள்தான்.

அதிலிருந்து ஏழு மாதமாக இந்த ஐந்து நிமிடக் கூத்து. "எவ்ளோ லேசா இருக்கு தெரியுமாக்கா!" என்று சின்னவள் சொல்லும்போதெல்லாம் மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்; உதட்டை இழுத்துச் சிரித்துவைப்பாள்.

போன மாதம் அதே டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போனாள். உள்ளே வெள்ளைக் களிம்பைச் செலுத்தி, எக்ஸ்ரே எந்திரத்துக்கு முன்னால் ஒரு கம்மோடில் உட்காரவைத்து, "இப்ப வெளியேத்துங்கம்மா" என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போனதே தவிர வேறெதுவும் போகவில்லை.

"உங்களுக்குப் பையெல்லாம் இல்லம்மா," என்றார் டாக்டர். "முக்கும்போது தளர வேண்டிய தசைய நீங்க இறுக்கிடுறீங்க. ஆபரேஷன் வேண்டாம். உள்ள சின்ன பலூன வச்சு, தசையத் தளர்த்திப் பழகப் பயிற்சி கொடுப்பாங்க, போதும்."

பலூன்! அவளுக்கு ஆபரேஷன், எனக்குப் பலூனா? இதில்கூட எனக்கு இரண்டாம் தரம்தானா? மூத்தவளுக்கு வீடுவரை ஆறவில்லை.

அப்புறம் அவள் செய்ததுதான் யாரும் செய்யாத வேலை. சின்னவள் வங்கிக்குப் போயிருந்த நேரம் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்தாள். பெயரிருந்த ஓரத்தைத் தையல் கத்தரியால் கோணாமல் வெட்டினாள். தேதியும் அதோடு போயிற்று. வேறு ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரம்மாவிடம் படத்தை நீட்டி, விரலால் அழுத்தினால்தான் வருகிறது என்பதுவரை சின்னவளின் தொல்லைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். அவளைப் படுக்கவைத்துச் சோதித்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது உங்க படம் இல்லயே."

"என்னோடதுதாங்க."

"இந்தப் புள்ளி வரிசையப் பாருங்க. உலோகத் தையல். இவங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆயிருக்கு. உங்களுக்கு எதுவுமே ஆகல. இதை நம்பி நான் கத்தியெடுத்திருந்தா நல்லா இருக்கிற சுவரையில்ல வெட்டியிருப்பேன்?"

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார் இவங்க?"

"என் ஓரகத்தி."

"முதல்ல அவங்கள அனுப்புங்க. தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி பை தொங்குது. ரொம்பக் கஷ்டப்படுவாங்களே, சொல்லலயா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்காரும்வரை அது இருந்தது. உட்கார்ந்த பிறகு தன்னை நினைத்தே அவளுக்குக் கூசியது.

சாயங்காலம் சின்னவள் வந்ததும் படத்தைத் தையல் மேஜைமேல் வைத்தாள். "அஞ்சு நிமிஷத்துல எப்படிடி வெளிய வர்ற?"

சின்னவள் படத்தைப் பார்த்தாள். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போகாமலே வந்துடுறேன்க்கா. பேங்க்ல சாப்பாட்டு நேரம் பூரா உள்ளதான் உக்காந்திருப்பேன். போன வாரம்தான் தனியாப் போய் இந்தப் படம் எடுத்தேன். இவர் பாக்குறவங்ககிட்டயெல்லாம் என் பொண்டாட்டிக்குச் சரியாயிடுச்சுன்னு பெருமை பேசிட்டிருக்காரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சொல்றது? ஆமா, இதை நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

மூத்தவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "உனக்குக் கிடைச்ச ஆபரேஷன் எனக்கும் வேணும்னு இருந்துச்சுடி. தப்புத்தான். திட்டு."

சின்னவள் திட்டவில்லை. "உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"தசைய இறுக்குறேனாம். பலூன் வச்சு பயிற்சி கொடுத்தா சரியாயிடுமாம்."

"கத்தியே வைக்க வேண்டாமா?"

"வேண்டாமாம்."

சின்னவள் மேஜைமேலிருந்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு உதட்டை இழுத்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "ரொம்ப நல்லதுக்கா. கொடுத்துவச்சவங்க நீங்க."

அந்தச் சிரிப்பு மூத்தவளுக்கு அத்துப்படி. ஏழு மாதமாக அவளே சிரித்துக்கொண்டிருந்த சிரிப்புதான்.