திரையில் ஏறாத 412ஆம் வரி

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. இரக்கத்தில் பிறந்தது என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன், பொய், அடித்துவிட்டேன்.

இத்தாலியில், போ என்ற நதியின் கரையில் ஒரு சிறிய நகரம். பனிமூட்டமான ஞாயிறு, பிற்பகல் மூன்றரை மணி ஆட்டம். காதலுக்காக உயிரை விடும் பெண்ணின் பழைய ஓபரா. (எந்த ஓபரா என்று கேட்காதீர்கள், பாதி ஓபராக்களில் அவள்தான் சாகிறாள்.) இயக்குநர் எர்மான்னோ அதைச் சூப்பர் மார்க்கெட்டுக்குள் இழுத்து வந்திருந்தார். நாயகி அங்கே பில் போடுகிறாள். ஐஸ்கிரீம் பெட்டியில் சாய்ந்து சாகிறாள். பாடுகிறவர்கள் எல்லோரும் சின்னஞ்சிறுசுகள். மேடையின் இருபுறமும் தொங்கும் திரைகளில் பாட்டின் வரிகளை ஏற்றுவது என் வேலை. பதினாறு வருடமாக அதே பொத்தான்.

2

கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்ற நொயேமியின் இதயம் ஒரு [வேண்டாம். இதயம் ஒன்றும் செய்யவில்லை. மூக்கு அரித்தது, அவ்வளவுதான்.]

நொயேமி மாற்றுப் பாடகி. நாயகி லுதோவிகாவுக்கு ஏதாவது ஆனால்தான் அவளுக்கு வேலை. ஆனது. ஒத்திகையில் யாரும் முழுக்குரலைச் செலவழிக்க மாட்டார்கள். பாதிக் குரலில் பாடி மிச்சம் பிடிப்பார்கள். லுதோவிகாவுக்கு அது தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குக் கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள், இருந்ததையெல்லாம் இறைத்துவிட்டாள். ஞாயிறு காலை தொண்டையில் வெறும் காற்று வந்தது.*

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குரல் போனவள் மேடையில் வாயசைப்பாள், மாற்றுப் பாடகி ஓரத்தில் மறைந்து நின்று பாடுவாள். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் முன்னே வந்து பாடப்போகிறவளின் பெயரைச் சபைக்குச் சொல்ல வேண்டும்.

"சொன்னா மாயம் போயிடும்," என்றார் எர்மான்னோ. "மூணாவது வரிசையில மிலான் பெரிய ஓபராக் கொட்டகையிலேர்ந்து ஆளுங்க உக்காந்திருக்காங்க. ஊரெல்லாம் லுதோவிகா மூஞ்சிதான் ஒட்டியிருக்கு."

"நாயகி வேஷம் எனக்குத்தான்னு நெனச்சு எங்கப்பாவை வரச்சொல்லிட்டேங்க. மூணு மணி நேரம் லாரி ஓட்டிட்டு வந்திருக்காரு," என்றாள் நொயேமி.

"முடிஞ்சு கைதட்டும்போது உன்னையும் மேடைக்குக் கூப்பிடறேம்மா. போ, தண்ணி குடி."

நொயேமி நேரே என் அறைக்கு ஏறி வந்தாள். "அண்ணா, நீங்களாவது. கடைசியில என் பேரைத் திரையில ஏத்திடுங்க. ஒரே ஒரு வரி."

"ஏத்திடறேன்," என்றேன். அவள் கண்ணெதிரிலேயே 411 வரிகளுக்குக் கீழே தட்டினேன்: இன்று பாடியவர் நொயேமி.

* ஊதா நிறம் எங்கள் கொட்டகைகளுக்கு ஆகாது. அன்று யாரும் ஊதா உடுத்தவில்லை. பழியைத் தூக்கிப் போட ஒன்றுமில்லை.

3

லுதோவிகாவை வில்லியாக்கப் பார்த்தேன், எடுபடவில்லை. இடைவேளையில் அவள் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாளாம். "என் வாயில அவ குரல் வருது, அசிங்கமா இருக்கு" என்று கிசுகிசுத்தாளாம். வில்லன் வேறு ஆள். சற்றுப் பொறுங்கள்.

நொயேமி எப்படிப் பாடினாள் என்று மூன்று பத்தி எழுதி மூன்றையும் கிழித்தேன். மேல்மாடத்துக் கிழடுகள், எவரையும் விசிலடித்து விரட்டுகிறவர்கள், இருமக்கூட இல்லை. அது போதும்.

4

முடிவு ஒன்று: அப்பா எழுந்து, "அது எம்பொண்ணு குரலு!" என்று கத்துகிறார். சபையே திரும்புகிறது. [எனக்கும் ஆசைதான்.]

முடிவு இரண்டு: எர்மான்னோ வாக்கைக் காப்பாற்றி [ஆளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.]

நடந்தது இதுதான். லுதோவிகா ஏழு தடவை வணங்கினாள். நொயேமி தலையைக் கோதிக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றாள். எர்மான்னோ கூப்பிடவில்லை. அவள் துணியை விலக்கி எதிர்ப்பக்கத் திரையை எட்டிப் பார்த்தாள். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. எர்மான்னோவும் அப்போது என் அறையை அண்ணாந்து பார்த்தார். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. திரையை வெறுமையாக்கும் பொத்தானை அழுத்தினேன்.

வாசலில் அப்பா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கடைசி நேரத்துல கழட்டி விட்டுட்டாங்களா? விடும்மா. ஆனா அந்தப் பொண்ணு என்னமா பாடுறா! நீயும் ஒருநாள் அப்படிப் பாடுவ."

"சரிப்பா," என்றாள் நொயேமி.

5

இங்கே பொத்தான் என் கையில், யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இந்தப் பக்கத்திலாவது அந்த வரியை ஏற்றியிருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அதனால் பெயர்களை மாற்றிவிட்டேன். நொயேமி என்பது அவள் பெயர் இல்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் நிரப்புங்கள். எனக்குத் தெரியும், நான் நிரப்பமாட்டேன்.

412. இன்று பாடியவர் ____________