காதில் பஞ்சு வைத்த கொடிக்காரர்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. சாலையைத்தான் எழுதினேன்.

அத்தைக்குக் கண் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்து கடைவீதி வழியாக எழுநூறு காலடி தூரம். பதினெட்டு வருடமாகக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே போய்வந்தாள். போன வருடம் வீதியின் நடுவே விரைவு பஸ்ஸுக்கென்று தனித்தடம் போடத் தோண்டினார்கள். அத்தையின் கணக்கெல்லாம் குழிக்குள் போயிற்று. பள்ளியை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான், அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் வேலைக்கு வந்தேன்.

சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்து, அன்றைக்குத் தோண்டியதை எழுதிவைப்பேன். 'மருந்துக்கடை முன்னால் மூன்று பலகை. நடுப்பலகை ஆடும்.' மறுநாள் காலையில் அதை அத்தைக்குச் சொல்வேன். நோட்டு என் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் இருக்கிறது. அந்தப் பையை என்னைத் தவிர இனி யாரும் திறக்கப்போவதில்லை.

(பள்ளியை ஏன் விட்டேன் என்று இங்கே ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு —)

2

கதையின் முதல் வரி, முதல் முயற்சி: 'இயந்திரங்கள் உறுமிய அந்த இளங்காலையில் இரு பெண்கள்' — சே. இது யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது.

இரண்டாவது முயற்சி: 'கொடிக்காரர் மிகவும் நல்லவர்.'

அத்தைக்கு இந்த வரி பிடிக்கும். ஆனால் கொடிக்காரர் என்று யாரும் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் செருப்புக்கடை முன்னால் நடந்துகொண்டிருந்தோம். தோண்டும் இயந்திரம் திடீரென்று உறுமியது. அத்தை நின்றுவிட்டாள்.

"வா அத்தை. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உன் குரல் ஏன்டி நடுங்குது? நான் வரல."

இயந்திரம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் அத்தையின் விரல்கள் என் முழங்கையை நெரித்தன. அவளை எப்படியாவது நகர்த்த வேண்டும் என்று தோன்றியது.

"கொடிக்காரர் சிவப்புக் கொடி காட்டி மெஷினை நிறுத்திட்டாரு அத்தை. நமக்காகத்தான்."

அத்தை நடந்தாள். தாண்டியதும், "அவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாடி பூச்சி" என்றாள். வாயில்லாப் பூச்சி என்பதைச் சுருக்கி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"காதுல பஞ்சு வெச்சிருக்காரு அத்தை. கேக்காது."

"நல்லாருக்கு போ! எனக்குக் கண்ணு இல்ல, அவருக்குக் காது இல்ல, உனக்கு வாயி இல்ல. மூணு பேருமாச் சேர்ந்து ஒரு ரோட்டைத் தாண்டறோம்!"

3

மறுநாளும் கேட்டாள். "அவரு இருக்காரா?"

"இருக்காரு. தலையாட்டுறாரு."

அப்படியே அவர் வளர்ந்தார். நரைத்த மீசை வந்தது. சாயம் போன தொப்பி வந்தது. கொஞ்சம் நொண்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எந்தக் கால் என்று எழுதிவைக்க மறந்துபோனேன்.

"நேத்து வலது கால்னு சொன்னே?"

"ரெண்டுந்தான் அத்தை."

"அடப்பாவமே."*

* இந்த இடத்திலாவது அத்தைக்குச் சந்தேகம் வந்திருக்குமா? ஒரு நாளைக்கு முந்நூறு குரல் கேட்கிறவள். எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாள் என்று எழுதினால் எனக்கு வசதி. அதனாலேயே எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது.

4

இன்று வியாழக்கிழமை. சாலை முடிந்துவிட்டது. நடைபாதை நெடுக, கண் தெரியாதவர்களுக்கென்று மேடுவைத்த மஞ்சள் கற்களைப் பதித்திருக்கிறார்கள். காலையில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் குழந்தை மாதிரி நடந்து பார்த்தாள்.

"திங்கக்கிழமையிலேருந்து நானே போயிடுவேன். நீ உன் வேலையைப் பாருடி."

என் வேலை எது என்று அவள் சொல்லவில்லை.

வேலையிலிருந்து வந்ததும் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட ஹெட்போனிலிருந்து காதுமெத்தை இரண்டையும் பிரித்து, ஒரு பட்டையில் தைத்திருந்தாள். தையல் கோணல்தான். ஆனால் இழுத்தால் வராது.

"பஞ்சு வெச்சா உள்ள போயிடும்டி. இதுன்னா வெளியிலேயே நிக்கும். நாளைக்கு என் கையாலேயே அவருக்குக் குடுக்கணும்."

அவர் பொய் என்றால் மற்றதெல்லாம்? இந்த ஒரு வருடமும் அவள் கால்வைத்த ஒவ்வொரு பலகையும் என் சொல்தான்.

5

முடிவுகள்.

'அத்தை, அந்தக் கொடிக்காரர்னு' — இதற்குமேல் பேனா நகரவில்லை.

'அவரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க அத்தை.' இது சுலபம். ஆனால் அந்தக் காதுமெத்தை அலமாரியிலேயே கிடக்கும். நான் தினமும் அந்த அலமாரியைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது: உண்மையான ஆள் ஒருவரைக் கேட்டு, அந்த இடத்தில் நிற்கவைப்பது. அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். சற்றுமுன் போனேன். கல் பதிப்பவர் கடைசி வரிசையைத் தட்டிக்கொண்டிருந்தார். 'அண்ணே, ஒரு உதவி' என்று மனத்துக்குள் பத்துத் தடவை சொல்லிக்கொண்டு அவர் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்ன பாப்பா, வழி தெரியலையா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். வலதுபக்கம் கை காட்டினார். வேறு வழியில்லாமல் அந்தப் பக்கமே நடந்து, ஊரைச் சுற்றி வீடு வந்தேன்.

6

நாளைக் காலையை இப்போதே எழுதிப் பார்க்கிறேன்.

செருப்புக்கடை முன்னால் நிற்கிறோம். இயந்திரங்கள் போய்விட்டன. தடம் வெறிச்சென்று இருக்கிறது.

"என்னடி இவ்வளவு அமைதி? அவரு இருக்காரா?"

"இருக்காரு அத்தை."

அத்தை பொட்டலத்தை நீட்டுகிறாள். எதிரே யாரும் இல்லை. இதைப் படிக்கிற நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. அதனால் உங்களிடமே கேட்டுவிடுகிறேன். மீசை வேண்டாம். நொண்ட வேண்டாம். இன்னும் ஓர் எட்டு முன்னால் வந்தால் போதும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஆனால் மெதுவாக. அவளுடைய இன்னொரு கை என் கையைப் பிடித்திருக்கிறது.

அதெல்லாம் அப்புறம். முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். ரொம்ப நேரமாக நீட்டிக்கொண்டே நிற்கிறாள். அவளுக்குக் கை வலிக்கும்.