ஐந்துகண்ணன்

...ஐந்துதான், சத்தியமாக நேற்று ஐந்துதான் எண்ணினாள், மேலே இரண்டு, கீழே சேர்ந்தாற்போல் இரண்டு, மூலையில் பொடியாக ஒன்று, பின்சிறகில், மஞ்சள் வளையத்துக்குள் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி ஐந்து கண்கள், சிறகை மூடிக்கொண்டு இதே ஈரப் பாறையில் இதே பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது, இதேதான், பின்சிறகின் ஓரம் எதுவோ கடித்துப் பிய்ந்திருக்கிறதே, அந்தப் பிய்ந்த இடம் வரைக்கும் இதேதான், இப்போது ஓர் எறும்பு ஏறி வந்து காலைச் சீண்டியதும் உள்ளே இழுத்து வைத்திருந்த முன்சிறகை ஓர் எம்பு எம்பியது பாருங்கள், அங்கே, பின்சிறகுக்குப் பின்னால் இத்தனை நேரம் ஒளிந்திருந்த இடத்தில், மற்ற ஐந்தையும்விடப் பெரிதாக, முழித்துக்கொண்டு, ஆறாவது கண்... அட பாவி. முழங்கால் வலியை மறந்து இன்னும் குனிந்தாள். மூடேன், இன்னொரு தரம் மூடிக்காட்டேன்... மூடியது, ஐந்து. எம்பியது, ஆறு. ஐந்துகண்ணனுக்கு முன்சிறகில் கண் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம், அப்படியானால் இது ஆறுகண்ணன், இந்தப் பள்ளத்தாக்கில் புல்லுக்கு ஒன்றாகப் பறந்து முதல் நாளே எல்லோருக்கும் சலித்துப்போன ஆறுகண்ணன். இதைப் போய் ஐந்துகண்ணன் என்று சொன்னாளே, இங்கே இதுவரை ஒருவரும் பார்த்திராத ஐந்துகண்ணன், வழிகாட்டி பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கும் ஐந்துகண்ணன் என்று.

சொன்னாள் என்றால் சும்மா இல்லை, சபையில் சொன்னாள். தினமும் சாயங்காலம் விடுதியின் சாப்பாட்டு அறையில், சுற்றுலாவுக்கு வந்த எட்டுப் பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார, வழிகாட்டி நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார், பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும், ஒரு பூச்சி ஏட்டில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும், இல்லையா, ஒரு போட்டோவாவது இருக்க வேண்டும், அதுதான் அவர் சட்டம். அந்தச் சட்டத்தை மூன்றாம் நாள் அவரே தளர்த்தினார், யாருக்காக? அவளுக்காக. அம்மா பாத்துட்டா போதும், சாட்சி வேண்டாம் என்றார், எல்லோர் முன்னாலும். எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, பீரங்கி மாதிரி ஒரு கேமராவைக் கடல் தாண்டிச் சுமந்து வந்து இதுவரை இலையைத்தான் அழகாகப் படம் பிடித்திருக்கிறார் மனுஷர்! அவளிடம் என்ன இருந்தது, ஒரு பழைய பைனாகுலரும் இரண்டு கண்ணும்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட கண்! முப்பத்துநான்கு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்குள் வெள்ளணுக்களை நூறு நூறாக எண்ணிப் பிரித்த கண், ஸ்லைடின் ஓரத்தில் ஒரே ஒரு மலேரியாக் கிருமி பதுங்கியிருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்திய கண், பெரிய டாக்டரே சொல்வார், அந்தம்மா எண்ணினா எண்ணினதுதான், மறுபடி பாக்க வேண்டாம் என்று. பூச்சி பார்க்கவா இவ்வளவு தூரம் என்று சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அவள் காதுக்கும் இந்நேரம் செய்தி எட்டியிருக்கும், நேற்று ஐந்துகண்ணன் என்று இவள் சொன்ன மறு நிமிஷம் வீட்டுக்காரர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார், உங்கம்மா புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்சுட்டாம்மா! கண்டுபிடிக்கலைங்க, பாத்தேன், அவ்வளவுதான் என்று அவள் திருத்தினாள், திருத்தும்போதே உள்ளுக்குள் எவ்வளவு இனித்தது, பொய் சொல்லக் கூடாது, சர்க்கரையாக இனித்தது.

இன்று மதியம் வழிகாட்டி பட்டியலை அனுப்பிவிடுவார், பள்ளத்தாக்கின் பதிவேட்டில் ஐந்துகண்ணன் ஏறும், பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏறும், அச்சில், அழிக்க முடியாமல். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும், இங்கே அவளும் பூச்சியும் எறும்பும்தான்... சூ என்று ஒரு கை வீசினால் பறந்துவிடும், முடிந்தது கதை. கை கொஞ்சம் எழும்பக்கூடச் செய்தது, சீ, என்ன இது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் இந்த வயசிலா... சொன்னால் பல் டாக்டர் இளிப்பார், இளிக்கட்டும், யானைக்கும் அடி சறுக்கும்மா என்று ஆறுதல் சொல்வார் பாருங்கள், அதுதான் தாங்காது. ஆனால் ஒன்று, இந்தத் தப்பைப் பிடித்தது யார்? அவளேதான்! வேறு யாருக்காவது வந்திருக்குமா இது, பிய்ந்த சிறகை வைத்து நேற்றைய பூச்சியை இன்று அடையாளம் கண்டு, முன்சிறகு எம்பும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து... பல் டாக்டருக்கு வருமா, ஏழு ஜென்மத்துக்கும் வராது. தன் தப்பைத் தானே பிடிக்கிற கண் ஊரில் எத்தனை பேருக்கு உண்டு? அப்படி நினைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. போய்ச் சொல்வாள், தலை நிமிர்ந்தே சொல்வாள், வழிகாட்டி அசந்துபோவார், இந்த நேர்மை யாருக்கும்மா வரும் என்பார், கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்... ஓடைக் கற்களில் கால் வைத்துத் தாண்டும்போது வாக்கியத்தை இரண்டு தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டாள், நேத்து நான் சொன்னது தப்பு, நானே கண்டுபிடிச்சேன், அந்த நானேயில் ஒரு சின்ன அழுத்தம்.

மரப்பாலத்தடியில் வழிகாட்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் வீட்டுக்காரர் தொப்பியால் விசிறிக்கொண்டு. ஒத்திகை பார்த்தபடியே சொன்னாள், எறும்பு, எம்பியது, ஆறாவது கண், ஒன்றையும் விடவில்லை. அவர் அசந்துபோகவில்லை. சரிம்மா, பரவால்ல என்றபடி நோட்டை எடுத்துப் பிரித்தார், பக்கம் முழுக்க நீல மையில் வரிசையாகப் பெயர்கள், நடுவில் ஐந்துகண்ணன் மட்டும் பென்சிலில், லேசாக... ரப்பரால் இரண்டு தேய்ப்பு, ஒரு ஊது, அவ்வளவுதான். பென்சில்! நேற்று எல்லோரும் கை தட்டினார்களே, இவரும்தானே தட்டினார், தட்டிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்திருக்கிறார், அவள் கண்ணெதிரே எழுதியிருக்கிறார், அவள் எங்கே பார்த்தாள், பல் டாக்டர் முகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள். நேத்தே சந்தேகமா இருந்துச்சா என்று கேட்டாள். முன்சிறகு உள்ள போயிருக்குமோன்னு தோணுச்சும்மா, புதுசா பாக்கிறவங்க பத்துல எட்டுப் பேர் அதுலதான் ஏமாறுவாங்க... சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்டுவிடுவாளோ என்பதுபோல், மற்றவர்களைக் கூப்பிடப் போய்விட்டார். பத்தில் எட்டுப் பேர், அவளும் அந்த எட்டில் ஒருத்தி. வீட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"ஏங்க, உங்களுக்கும் தெரியுமா?"

"பூச்சியப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீ சொன்னப்ப அவர் முகம் ஒரு மாதிரி போச்சு, அதப் பாத்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

விசிறிக்கொண்டிருந்த தொப்பி நின்றது. கேலி இல்லை, கோபம் இல்லை, முகத்தில் நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"உங்கிட்டயா?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அவளும் வாங்கிக் குடித்தாள், நன்றாகத்தான் இருந்தது, குளிர்ச்சியாக... முப்பத்துநான்கு வருஷம், அடுத்த மேசைக்குப் புதிதாக வந்த பெண்கள்தான் எத்தனை பேர், அவள் நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கி, ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்துவிட்டு, எதையோ கேட்க வந்த மாதிரி வாயைத் திறந்து, பிறகு ஒன்றும் பேசாமல் கையெழுத்துக்கு அனுப்பினார்களே, அந்த ஒரு விநாடி... மரியாதை என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.