ஏரிக்கரை லைன்

சமவெளி வெயிலில் நாட்டைப் பற்றி யோசிக்க முடியாதவர்கள் எல்லாரும் மே மாதம் கொடைக்கானலுக்கு ஏறி வந்து யோசிப்பார்கள். எண்பத்து மூன்றில் வந்தவர்கள் நிலக்கரியைப் பற்றி யோசித்தார்கள். ஏரிக்கரை ஓட்டலில் மூன்று நாள் கருத்தரங்கு: நாட்டின் மின்வழங்கலில் அனல் நிலையங்களின் பங்கு.

என்ன பங்கு என்று துணைமின் நிலைய ஆபரேட்டர் மரியசெல்வத்தைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். மழை பொய்த்து அணைகள் வறண்டு கிடந்தன. கரிதான் கதி. வடக்கே தோண்டிய கரி ரயிலேறி, கப்பலேறித் தெற்கே வந்தால் விளக்கு எரியும். வராத நாளில் மதுரையிலிருந்து போன் வரும்: "கரி இல்ல. லைனை வெட்டு." அவன் மலைக்கிராமங்களுக்குப் போகும் பூண்டி லைனை வெட்டுவான், வடகவுஞ்சி லைனை வெட்டுவான். ஏரிக்கரை லைனை மட்டும் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. கரி இல்லாததைப் பற்றிப் பேச அவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா?

இரண்டாம் நாள் காலை யூகலிப்டஸ் கிளை ஒன்று, உத்தரவைப் படிக்காமல், அந்த லைன்மேலேயே விழுந்தது.

செல்வம் லைனை நிறுத்தினான். லைன்மேன் அடைக்கலம் லைன் கிளியர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கம்பத்தில் ஏறியவர் இறங்கி வந்து, தன் கையால் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்வரை லைனில் மின்சாரம் ஏற்றக்கூடாது. அந்தத் தொழிலுக்கு வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு உதவிப் பொறியாளர் சேனாதிபதி ஜீப்பிலிருந்து குதித்தார்.

"ஏய்யா செல்வம், லைனை ஏத்து. மெட்ராஸ் நிபுணர் ஸ்லைடு போட நிக்கிறாரு. முப்பத்தாறு ஸ்லைடு."

"அட்டை வரலீங்க சார்."

"வர்ற வழியில பாத்தேன். கம்பத்துல ஆளில்ல."

"இந்த மேகத்துல கம்பமே தெரியாதுங்களே சார்."

"ஹாரன் அடிச்சேன்யா. பதிலே இல்ல. எறங்கி டீ குடிக்கப் போயிருப்பான்."

ஹாரனுக்குப் பதில் சொல்லாதவன் கம்பத்தில் இல்லை. சேனாதிபதி படித்த பொறியியல் அது.

"இருந்துட்டா?"

"இருந்தா நான் பாத்துக்கறேன்."

"எதை சார்? அவரு சம்சாரம் கித்தேரியம்மாளையா?"

சேனாதிபதியின் முகம் கறுத்தது. "உன்னை எந்தக் காட்டுக்குத் தூக்கிப் போடுறேன் பாரு."

"இதுக்கு மேல காடு இல்லீங்க சார்."

போன தவக்காலத்தில் மனைவியை அடக்கம் பண்ணியதிலிருந்து செல்வத்துக்குப் பயப்படப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சேனாதிபதி தானே சுவிட்ச் பக்கம் நடந்தார். லைனை ஏற்ற ஓர் இரும்புக் கைப்பிடியை மாட்டித் திருகவேண்டும். அங்கே இருந்தது அது ஒன்றுதான். செல்வம் இரண்டு எட்டில் முந்தி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். பின்னால் சேனாதிபதி இங்கிலீஷில் கத்தினார்.

ஒரு மைல். கிளை விழுந்துகிடந்த கம்பத்தடியில் நின்று அண்ணாந்தான்.

"அண்ணே!"

மேகத்துக்குள்ளிருந்து அடைக்கலத்தின் குரல் வந்தது. "யாரு, செல்வமா? சோலி முடியல. கம்பி தாங்குற பீங்கான் ஒடஞ்சு கெடக்கு."

"ஜீப் ஹாரன் கேக்கலியாண்ணே?"

"கேட்டுச்சு. சீசன்ல ஹாரனுக்கெல்லாம் பதில் சொன்னா தொண்டை தாங்குமா? நீ ஏன் இங்கன வந்த?"

"சுவிட்ச் கைப்பிடியக் கழட்டிக் கொண்டாந்துட்டேன்."



"அங்கனயே நில்லு," என்றார் அடைக்கலம். குரல் மாறியிருந்தது.

நின்றான். ஓட்டல் பக்கமிருந்து கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. கம்பளிக் கோட்டு, மார்பில் கருத்தரங்கு அடையாள வில்லை.

"ஏம்ப்பா, கரண்ட் ஆபீசா? ஏன் இன்னும் கரண்ட் வரல?"

செல்வம் அந்த வில்லையைப் பார்த்தான்.

"கரி வரலீங்க."

கோட்டுக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பினார். "பாத்தீங்களா? பத்தொன்பதாவது ஸ்லைடுல இதைத்தான் சொல்லியிருக்கேன்!"

கார் திரும்பிப் போயிற்று. அதற்குள் மேகம் விலகியிருந்தது. தலைக்கு மேலே ஒரு மனிதன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.

அடைக்கலம் இறங்க இன்னும் அரைமணி ஆயிற்று. இறங்கியவர் உடனே கிளம்பவில்லை. பாதையோரம் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"வெரசா போகணுமாய்யா?"

"வேண்டாம்ணே, நிதானமா குடிங்க," என்றான் செல்வம். "அவங்களுக்குக் காரணம் கெடச்சிருச்சு."