மாலுமிப் பதிவேட்டின் வலது பக்கம்

பெரிய மாமாவின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, அவருடைய அப்பா கேப்டன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதற்காகவே கூடத்தில், வாசலுக்கு நேரெதிராக, கண்ணாடிச் சட்டம் ஒன்று தொங்கியது. உள்ளே பழைய மாலுமிப் பதிவேட்டின் ஒரு பக்க நகல். பெயர், வயது, ஊர், கையெழுத்து. முப்பத்தொன்றாவது வரியில் தாத்தாவின் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. மாமா தன் முகவரி அட்டையிலேயே 'கேப்டன் மகன்' என்று அச்சடித்து வைத்திருந்தார். எண்பது வயதில் ஒருவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் தேறவில்லை என்றால் பரிதாபப்பட வேண்டியதுதான். அவருடைய தங்கை மகளுக்குப் பரிதாபம் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

காரணம், மாமா எழுதியிருந்த குடும்ப வரலாறு. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு, உறவினருக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு பிரதி வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் வம்சாவளிப் படம். தாத்தாவிடமிருந்து மாமாவுக்குத் தடிமனாக ஒரு கோடு. அவளுடைய அம்மாவுக்கோ புள்ளி புள்ளியாக ஒரு கோடு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'வளர்ப்பு மகள்'.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். "எழுபத்தாறு வருஷமா வாயால சொன்னாங்க. இப்ப அச்சுலயும் போட்டாச்சு" என்றாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

விஷயம் இதுதான். தாத்தா கப்பலேறிப் போனார்; இரண்டு வருடம் கழித்துத் திரும்பினார். அவர் போன பதினாறாவது மாதம் அம்மா பிறந்தாள். கூட்டல் கழித்தல் தெரியாத சொந்தக்காரர்கள்கூட அம்மாவைக் கண்டால் மட்டும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிடுவார்கள். போதாததற்கு அம்மாவுக்குப் பேருந்தில் ஏறினாலே வாந்தி. "கப்பல்காரன் ரத்தம் ஓடினா இப்படியா கொட்டுவே? என்னைப் பாரு, இதுவரைக்கும் ஒரு தடவை குமட்டியிருக்கா?" என்று சின்ன வயதிலிருந்தே மாமா நெஞ்சைத் தட்டிக்கொள்வார். அம்மாவைப் பெற்றவளோ கடைசிவரை வாயே திறக்காமல் போய்ச் சேர்ந்தாள்.

மகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆவணம் பார்த்தே பழகியவள். மாமா வீட்டுக் கண்ணாடிச் சட்டம் அவளை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கப்பலுக்கே தலைவரான மனிதர் எதற்காக முப்பத்தொன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட வேண்டும்? ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"அகர வரிசைம்மா" என்றார் மாமா, வாய் கூசாமல். மேலே இருந்த பெயரும் கீழே இருந்த பெயரும் எந்த வரிசையிலும் அடங்காதவை.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கப்பல் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். ஜன்னலே திறக்காத நீண்ட அறை. பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும். காப்பகக்காரர் ஓயாத ஜலதோஷத்தோடு ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிவந்து, பஞ்சு மெத்தையில் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார்.

"இடது பக்கம் மட்டும் பாத்துட்டுப் போயிடாதீங்க" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒவ்வொரு ஆளுக்கும் வரி ரெண்டு பக்கத்துலயும் ஓடும். இடது பக்கம் ஏறும்போது எழுதுறது. வலது பக்கம் என்ன வேலை, எப்ப இறங்கினான், ஏன் இறங்கினான்னு."

அவள் அடிக்கோலை வைத்து முப்பத்தொன்றாவது வரியை வலது பக்கம் வரை பிடித்துக்கொண்டு போனாள். வேலை: சமையல் உதவியாள். கப்பலை விட்டது: ஏறிய ஒன்பதாம் நாள். இடம்: அடுத்த துறைமுகத்தின் பெயர். காரணம்: ஓயாத வாந்தி, கடல் வேலைக்கு உதவாதவர். நடத்தை: எழுந்து நின்றால்தானே சொல்வதற்கு.

அந்தக் கப்பலின் நிஜக் கேப்டன் கிண்டலுக்கு எழுதினாரோ கோபத்தில் எழுதினாரோ, அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. காப்பகக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த துறைமுகம் ரயிலில் அரை நாள் தூரம். தெருவே திரண்டு கையசைத்து அனுப்பிய மனிதர், ஒன்பதே நாளில் எந்த முகத்தோடு திரும்பி வருவார்? கப்பல் திரும்பும்வரை அந்த ஊரிலேயே பதுங்கிக் கிடந்திருக்கிறார். பிறகு கடையில் ஒரு தொப்பி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து, புயல் கதைகளை அளந்து விட்டிருக்கிறார்.

மாமாவின் புத்தகத்திலேயே பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'தந்தையார் கடலில் இருந்த காலத்தில், தாயார் மாதந்தோறும் வெளியூர் சென்று நோயுற்ற தோழிக்குப் பணிவிடை செய்தார்.' ஊர்ப் பெயரும் போட்டிருந்தார். அதே துறைமுகம். நல்ல தோழிதான். புருஷனின் தொப்பியைக் காப்பாற்ற, தான் பெற்ற பெண்ணை ஊர் வாயில் விட்டுவிட்டுப் போன மகராசியை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.

நகலுக்கான படிவத்தை நிரப்பும்போது காப்பகக்காரர் பழைய படிவம் ஒன்றைக் காட்டினார். "இதே பக்கங்களை அஞ்சு வருஷம் முன்னால ஒருத்தர் வாங்கியிருக்காரே. உங்க வீட்டு ஆளா?"

நகல்: இரண்டு பக்கங்கள். கீழே மாமாவின் சுழித்த கையெழுத்து, அடைப்புக்குள் 'கேப்டன் மகன்'. ஆக, தெரிந்தேதான். இடது பக்கத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, வலது பக்கத்தை எங்கோ அமுக்கிவிட்டு, அதன்பிறகு உட்கார்ந்து 'வளர்ப்பு மகள்' என்று எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்பது நாற்காலிகள். அம்மா பேருந்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, முகம் கழுவிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். காலையிலேயே மகள் அவளிடம் நகலைக் கொடுத்துவிட்டாள். அம்மா படித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள். மேஜைமேல் தாத்தாவின் வெள்ளைத் தொப்பி சலவை செய்து வைக்கப்பட்டிருந்தது.

மகள் மாமாவைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கி, தன்னிடமிருந்த இன்னொரு நகலை நீட்டினாள். மாமாவின் முகம் சுண்டியது.

"சரி, மெதுவா பேசு" என்றார். "அடுத்த பதிப்புல 'மகள்'னே போட்டுடறேன். கோடும் தடிமனாவே போட்டுடலாம். கேப்டன் விஷயத்தை மட்டும் கிளறாதே. குடும்ப மானம்மா."

"அம்மாவோட மானம் குடும்பத்துல சேர்த்தி இல்லையா மாமா?"

"அவளுக்கு என்ன, பழகிப்போச்சு. இத்தனை வருஷம் இருந்தாளே."

அந்தக் கிழவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அதற்குள் கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, கண்ணாடிக்கு வலது ஓரமாக, வரியோடு வரி பொருந்தும்படி பிடித்துக்கொண்டாள்.

"இதோட மிச்சம் இங்க இருக்கு. முப்பத்தொண்ணாவது வரி, எல்லாரும் கேளுங்க" என்று படிக்க ஆரம்பித்தாள். சமையல் உதவியாள் என்றதும் கூடத்தில் கிசுகிசுப்பு. ஒன்பதாம் நாள் என்றதும் சில விரல்கள் மடங்கி, பாதியிலேயே நின்றன. துறைமுகத்தின் பெயரைச் சொன்னதும், பதினான்காம் பக்கத்தைப் படித்திருந்த யாரோ 'அட!' என்றார்கள். மாமா ஓடிவந்து காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"ஓயாத வாந்தி" என்று படித்தபோது அவள் குரல் உடைந்தது. இத்தனை வருடமாக மகள் பார்த்திராத அழுகை. ஆனால் அம்மா அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள்.

"எங்க அப்பாகிட்டேருந்து எனக்கு வந்த ஒரே சொத்து இது. இன்னிக்குக் காலையிலகூட பஸ்ல ரெண்டு தடவை எடுத்தேன்" என்றாள். பிறகு பக்கத்தில் மூச்சுவாங்க நின்ற மாமாவின் பக்கம் நிதானமாகத் திரும்பினாள்.

"ஏண்ணா, உனக்குத்தான் ஒரு தடவைகூடக் குமட்டினதே இல்லைன்னு பெருமையா சொல்வியே. உனக்கு மட்டும் ஏன் வரல?"

மாமாவின் கை காகிதத்தை விட்டது. பின்வரிசையில் ஒருவர், எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலேயே, விரல்களை மடக்கத் தொடங்கினார்.