கடலில்லாத ஊரில் ஒரு குடுவை

கடற்கரையில் இருந்த ஆய்வுக்கூடத்தை மூடியபோது, எஸ்தர் இரண்டு குடுவைகளோடு கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். ஒன்றில் நீந்தும் சிவப்புக் கடல்பாசி, கண்ணுக்குத் தெரியாத அளவில். இன்னொன்றில் அதைத் தின்னும் நுண்ணுயிர். பாசியை விழுங்கினாலும் அதன் பசுங்கணிகங்களை மட்டும் அது செரிப்பதில்லை. திருடிய பசுங்கணிகங்கள் அதன் உடம்புக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால் சாப்பாடு தயாராகிவிடும். கல்யாணப் பேச்சையெல்லாம் தள்ளிப்போட்டு எஸ்தர் ஆராய்ந்தது இதைத்தான்.

இங்கே கல்லூரியில் வேலை கிடைத்தது. வாடகை அறையில் பேச யாருமில்லை. தினமும் மைக்ராஸ்கோப்பில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கரண்ட் போய் அறை கொதித்தது. பாசி வெளுத்து அடியில் படிந்துவிட்டது. மற்றது பிழைத்தது, ஆனால் இரை இல்லை. கூடப் படித்த ரம்யாவுக்குப் போன் செய்தாள்.

"வேற லேப்ல பாசி கேக்கறேன்டி. அதுவரைக்கும் சூடு படாம பாத்துக்கோ."

லீவு விட்டதும் மைக்ராஸ்கோப்பைப் பையிலும் குடுவையை மடியிலும் வைத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே குளிர்ச்சி. செவ்வந்தி என்பவர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார்.

"இன்னாம்மா அது, செவப்பா?"

"உயிருங்க. கடல்ல இருக்கறது."

"இன்னா துன்னும்?"

"இப்ப ஒண்ணுமில்லீங்க. முன்னாடி திருடி வச்சத வச்சிக்கினு பொழைக்குது."

"அது தீந்துட்டா?"

எஸ்தர் குடுவையை ஜன்னலோரம் வைத்தாள். செவ்வந்தி அவளுடைய ஒற்றைப் பையைப் பார்த்தார். "உனுக்குத் தொணைக்கு யாரும் வரலியா?"

"இல்லீங்க."

நாளாக ஆகத் தண்ணீரின் சிவப்பு வெளிறியது. ஓர் உயிர் இரண்டாகப் பிரியும்போது உள்ளிருந்த பசுங்கணிகங்களும் பங்காகிக் குறைந்தன. பிறகு பிரிவதும் நின்றது. ஒரு காலையில் ஒன்றே ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எஸ்தர் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அன்று மத்தியானமே ரம்யா கூப்பிட்டாள். பாசி கிடைத்துவிட்டது, பஸ்ஸில் போட்டுவிட்டாளாம். எஸ்தர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப்போய் வாங்கி, கடைசி பஸ்ஸில் மேலே வந்தாள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பாசி மட்டும் துள்ளித் துள்ளி நீந்தியது. தின்ன வேண்டியது அசையவில்லை.

செவ்வந்தி கதவருகே வந்து, "சாப்ட வா" என்றார். எஸ்தர் போனாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பாசியைக் கொட்ட மனம் வரவில்லை. ஜன்னலோரம் அது நன்றாகப் பெருகியது.