நினைவகம் போதாத ஐப்பசி

தஞ்சாவூரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், ஏசி ஓயாமல் இரைகிற அறையில் ரெத்தினத்துக்கு வேலை. அரசு அலுவலகங்களின் இணையச் சேவைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்தும் ஒரு கம்பெனியின் சர்வர் அறை அது. சர்வர்கள் இரண்டு. ஒன்று பழுதாகி, உதிரிப் பாகம் வரும் வரும் என்று ஆடியிலிருந்து காத்துக் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த மற்றொன்றின் தலையில்தான் எல்லாப் பாரமும்.

அந்த ஒரே இரும்புப் பெட்டியை மென்பொருளால் அறை அறையாகத் தடுத்து, உள்ளே பல கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோலச் செய்திருந்தார்கள். வி.எம். என்பார்கள் அவற்றை. ஒன்றில் நெல் கொள்முதலுக்கான முன்பதிவு, இன்னொன்றில் நில எடுப்புக்கான ஆட்சேபனைகள், வேறொன்றில் கூட்ட அரங்கின் பெருந்திரையில் ஓடும் வரைபடங்கள், இப்படி. ஒவ்வொன்றும் தான் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாம் பங்கு போட்டுக்கொள்வது ஒரே நினைவகத்தை. எதற்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து அளந்துவிடுவதுதான் ரெத்தினத்தின் உத்தியோகம். ஆட்சி மாறியபோது சேவைகளின் பெயர்கள் மாறின, முகப்பில் இருந்த படங்கள் மாறின, புதுச் சேவைகளும் வந்து ஏறிக்கொண்டன. பெட்டி மட்டும் பழையதே.

அன்று காலை அவன் வரும்போதே வானம் கறுத்திருந்தது. குறுவை அறுத்த நெல், கொள்முதல் நிலையங்களின் வாசலில் மலைமலையாகக் கிடந்தது. இணையத்தில் டோக்கன் போடாமல் ஒரு மூட்டைகூடப் பிடிக்க மாட்டார்கள். அதே நாள்தான் கீழ்வேளூர்ப் பக்கம் புறவழிச்சாலைக்கு எடுக்கப்போகும் நிலங்களுக்கு ஆட்சேபனை சொல்லக் கடைசி நாள். மாலை ஐந்து மணிவரை, அதுவும் இணையத்தில் மட்டும்.

அந்த நிலங்களில் ரெத்தினத்தின் வீட்டு நிலமும் ஒன்று. அவன் அப்பா சாமிதுரை பண்ணையாளாகப் பிறந்தவர். உச்சவரம்புக்கு மேல் இருக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கொடி பிடித்துச் சிறைக்குப் போனவர். வெளியே வந்த பிறகும் தாலுகா ஆபீஸ் வாசலில் பல வருஷம் நின்று, அந்தத் துண்டுக்குப் பட்டா வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் அரசப்பன்தான் அதில் பயிர் வைக்கிறார். ஊர்க்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழ்வேளூர் இ-சேவை மையத்துக்கு வந்து நின்றவரும் அவர்தான்.

பத்து மணிக்கெல்லாம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பக்கம் திறக்கவே இல்லை, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். ரெத்தினம் அதை ஏற்கெனவே திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா வி.எம்.களும் கேட்கும் நினைவகத்தைக் கூட்டினால் பெட்டியில் இருப்பதைவிட அதிகமாக இருந்தது. இடம் போதாமல் சர்வர் தன் நினைவை மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதித் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. ஓடுகிறவன் அடிக்கொருதரம் நின்று மூச்சு வாங்குவதைப் போல எல்லாமே தடுமாறின.

கைக்கு எட்டியதையெல்லாம் அவன் செய்தான். பரிசோதனைக்காக யாரோ உருவாக்கி மறந்துபோன வி.எம்.களை நிறுத்தினான். பகலில் ஓடும்படி போட்டிருந்த காப்பு நகலைத் தள்ளிவைத்தான். தேவைக்கு மேல் செயலிகளைப் பிடித்துக்கொண்டு, அவை எல்லாம் சேர்ந்து கிடைக்கும் வரை காத்துக் கிடந்த வி.எம்.களுக்கு எண்ணிக்கையைக் குறைத்தான். கொஞ்சம் இளகியது. ஆனால் பெருந்திரைக்கான வி.எம். மட்டும் நினைவகத்தின் பெரும்பங்கைத் தனக்கென்று ஒதுக்கிப் பூட்டி வைத்திருந்தது. வேறு எதற்கும் அது கிடைக்காது. அதில் வேலையும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் ஆய்வுக் கூட்டத்துக்காக ஒரு வரைபடத்தைக் காட்டியபடி சும்மா நின்றது. அந்த ஒதுக்கீட்டை மாற்றும் பொத்தான் ரெத்தினத்தின் திரையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் அசையாது. அதற்கான அதிகாரம் சென்னைத் தலைமை அலுவலகத்தில்.

மேலாளர் மங்களாம்பிகையிடம் போய்ச் சொன்னான். அவர் உடனே சென்னைக்குப் பேசினார். கூட்டம் முடியும் வரை அதில் கை வைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. இன்னொருவரைப் பிடித்தார். அந்த ஆளும் அதையேதான் சொன்னார். மூன்றாவது ஆள் போனை எடுக்கவில்லை. மங்களாம்பிகை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நெல்லுக்கு மொதல்ல குடுங்க ரெத்தினம்" என்றார். "மழை வந்துடும். எங்க அப்பா நெல்லும் கும்பகோணத்துல வாசல்லதான் கொட்டிக் கிடக்கு. அதுக்காகச் சொல்றேன்னு நெனச்சிக்காதீங்க."

"எங்க நெலமும் அந்த ஆட்சேபனைப் பக்கம் இருக்கு மேடம்" என்றான் ரெத்தினம்.

அவருக்கு அது தெரியாது. "அப்ப நீங்களே பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். அதைவிட அவர் உத்தரவு போட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

அவன் நெல்லுக்கே கொடுத்தான். டோக்கன்கள் விழத் தொடங்கின. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிலையங்களில் வேலை ஓய்ந்தபோது, அந்த இடைவெளியில் ஆட்சேபனை வி.எம்.முக்கு நினைவகத்தை வாரிக் கொடுத்தான். சற்று நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். ராமாயி அத்தையுடையது ஏறிவிட்டது, பக்கத்து நிலத்துக்காரருடையதும் ஏறிவிட்டது, வரிசை நகர்கிறது என்றார். எல்லாருடையதும் போன பிறகுதான் தன்னுடையதைப் போடச் சொல்லியிருக்கிறாராம். ஊரைக் கூட்டி வந்தவன் முன்னால் நிற்கக் கூடாதாம்.

"அண்ணே, மொதல்ல நம்மளத போடுங்க."

"அது நல்லா இருக்காதுடா. இந்த ஒரு மணி நேரம் இப்படியே வுடு, போதும்."

ரெத்தினம் அப்படியே விட்டான். கொடுத்ததைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கித் திருவாரூர், கும்பகோணம் என்று அடித்துக்கொண்டு வந்தது. மழை இறங்கிய ஊரிலெல்லாம் நிலையங்களில் ஒரே நேரத்தில் டோக்கன் கேட்டு மொய்த்தார்கள். நெல் வி.எம். தனக்கு அனுமதித்த எல்லை வரை விறுவிறுவென்று வீங்கியது. ரெத்தினம் ஆட்சேபனைக்குக் கொடுத்ததைக் குறைக்கப் போனான். விசைப்பலகையில் தட்டுவது திரைக்குப் போய்ச் சேரவே நேரம் எடுத்தது. நினைவகம் முழுசாகத் தீர்ந்துபோனது.

அப்படித் தீர்ந்துபோனால் சர்வர் யாரையும் கேட்காது. தான் பிழைத்திருப்பதற்காக எதையாவது ஒன்றைக் கொல்லும். அதிக இடம் பிடித்திருப்பது எது என்று பார்க்கும். பூட்டி ஒதுக்கியது அந்தக் கணக்கில் வராது என்பதால், பெருந்திரை பத்திரமாக இருந்தது. மிச்சமிருந்தவற்றில் பெரியது ஆட்சேபனை வி.எம். அதைப் பெரிதாக்கியது ரெத்தினத்தின் கை. திரையில் அதன் பெயருக்கு நேரே பச்சை விளக்கு அணைந்தது.

மறுபடி கிளப்பினான். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது செத்ததால், தரவுத்தளம் ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கியது. அதை அவசரப்படுத்த வழி இல்லை. நடுவில் நிறுத்தினால் ஏறியதும் போய்விடும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து திரையில் மெல்ல ஏறும் சரிபார்ப்பு விழுக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மங்களாம்பிகை வந்து பின்னால் நின்றார். கால அவகாசத்தை ஒருநாள் நீட்டச் சொல்லி, நில எடுப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார். சரிதான், ஆனால் அரசாணை இல்லாமல் எப்படி நீட்டுவது என்று அங்கேயும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார்கள்.

அண்ணன் போனில் கத்தவில்லை.

"வருமாடா?" என்றார்.

"வரும்ண்ணே. அஞ்சுக்குள்ள வருமான்னு தெரியல."

"நாங்க இங்கதான் நிக்கிறோம்" என்றார். தகரக் கொட்டகையில் மழை விழும் சத்தம் அவர் குரலுக்கு மேல் கேட்டது.

ஐந்து அடித்து வெகுநேரம் கழித்துத்தான் பக்கம் திறந்தது. காலம் முடிந்தது என்ற வரியோடு அழகாகத் திறந்தது.

மறுநாள் அரசப்பன் மனுக்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்தார். கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள எந்த அரசு அலுவலக ஜன்னலிலும் ஆள் இல்லை. கடைசியில் தம்பியின் அலுவலகத்துக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"எவ்ளோ பெரிசா இருக்கு. இதுல எடம் இல்லங்கிறியே" என்றார்.

இடம் இருந்தது, வேறொன்றுக்காகப் பூட்டியிருந்தார்கள் என்று ரெத்தினம் சொன்னான். தான் கொடுத்த இடமே எமனாகிப்போனதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அரசப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, சாப்பிட்டியா என்று விசாரித்தார். இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட்டார்கள். மங்களாம்பிகையின் அப்பா நெல்லுக்கு டோக்கன் விழுந்திருந்தது. தார்ப்பாய் போதாமல் பாதி நெல் முளைவிட்டுவிட்டது என்று நாலு நாள் கழித்து மங்களாம்பிகை சொன்னார்.

தை பிறந்ததும் அளவைக் கல் ஊன்ற வந்தார்கள். ஊரே வரப்பில் போய் உட்கார்ந்தது. போலீஸ்காரர்கள் எல்லாரையும் வண்டியில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். நில எடுப்பு அலுவலகத்தில், ஆட்சேபனை ஏறியவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அரசப்பனைப் போல ஏறாதவர்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா வாங்கிய துண்டின் நடுவில் வெள்ளைச் சாயம் பூசிய கல் நின்றது. அரசப்பன் அதைச் சுற்றி உளுந்து தெளித்தார்.

சர்வருக்குக் கூடுதல் நினைவகம் மாசியில் வந்தது. ரெத்தினம் பெட்டியைத் திறந்து, தூசு துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி மூடினான். ஆட்சேபனைச் சேவை கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. அதில் போட யாரிடமும் எதுவும் இல்லை. சேவையை நிறுத்திவிட்டு அந்த இடத்தையும் பெருந்திரைக்குச் சேர்க்கும்படி சென்னையிலிருந்து தகவல் வந்திருந்தது. அவன் சேர்த்தான்.